பத்துக்கு மேல் வேண்டாம்

என் வலது முட்டி என்னைக் கைவிட்டது சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு. அவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் என் புருஷன் செல்லச்சாமி என் இரண்டு கைக்குள்ளும் இருந்தார். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்கப் போனேன். முட்டிக்குள் என்னவோ நழுவியது. நான் கீழே, அவர் என் மேலே. பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி சத்தம் கேட்டு வருகிறவரைக்கும் அப்படியேதான் கிடந்தோம்.

அவருக்குப் பேச்சு குழறும். "ஏட்டி... அடி... பட்டுருச்சா" என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. "பேசாம கெடங்க" என்றேன். வலி வந்தால் எனக்கு முதலில் வாய்தான் நீளும்.

அவர் எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மூட்டையோடு சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, நாக்கு பாதி போனது. அன்றிலிருந்து மூட்டை தூக்கினவரை நான் தூக்கினேன். விடிந்ததும் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, சாப்பிடக் கொடுத்து, திரும்பப் படுக்க வைத்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் விசைத்தறிக் கூடத்துக்கு ஓட வேண்டும். அங்கே நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை. மத்தியானம் வந்து ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சாயங்காலம் மறுபடியும் தூக்க வேண்டும். எழுபது கிலோ. எனக்கு ஐம்பத்துநாலு வயது.

படுத்த புதிதில் ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது தானாக எழுந்திருக்கப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "இனிமே நான் வராம ஒரு இஞ்சு அசையக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அசையவில்லை. சொன்ன சொல் தட்டாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நாங்கள் விழுந்த செய்தி கேட்டு மகன் துரைப்பாண்டி திருப்பூரிலிருந்து வந்தான். என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். இரண்டு முட்டியும்தான், வலது ரொம்ப மோசம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள், கனம் தூக்கக் கூடாது என்றார். எழுபது கிலோவைத் தினமும் மூன்று தடவை தூக்குகிறவளிடம் அதைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா?

வீட்டுக்கு வந்ததும் துரைப்பாண்டி பேச்சை எடுத்தான்.

"எம்மா, தென்காசி பக்கம் ஒரு காப்பகம் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டேன். சுத்தமா வச்சிருக்காங்க. எப்பாவ அங்கன விட்டுருவோம்."

"ஏலே, உங்கப்பன் என்ன பழைய கட்டிலா, கொண்டு போய் விடுததுக்கு?"

"இன்னொரு தடவ விழுந்தா ரெண்டு பேரும் படுத்துருவீங்க. அப்ப யாரு பாப்பா? நான் கம்பெனிய விட்டுட்டு வரவா?"

அவன் தப்பான பிள்ளை இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது.

காப்பகம் கெட்ட இடம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தண்ணீரை "ண்ணி" என்பார். முதுகு அரித்தால் "ம்ம்கு" என்பார். போர்வை வேண்டாம் என்றால் வாயைத் திறக்காமல் மூக்கால் ஒரு சத்தம் போடுவார். இதெல்லாம் எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. இருபது கட்டில் போட்டிருக்கிற இடத்தில் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? மூன்று நாள் கேட்டுப் பார்ப்பார், நாலாம் நாள் கேட்பதை நிறுத்திவிடுவார். அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.

கடைசியில் அவனிடம் கெஞ்சித் தவணை வாங்கினேன். ஆடி மாதக் கோயில் திருவிழா, ஆடித்தபசு வரைக்கும். "நீ தபசுக்கு வா. அன்னைக்கு உன் கண்ணு முன்னால அவர நான் ஒத்தையில தூக்கி உக்கார வைக்கேன். முடியலன்னா கூட்டிட்டுப் போ" என்றேன். அவனும் சரி என்றான். கட்டிலில் படுத்திருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

அதுவரைக்கும் தினமும் காலையும் மாலையும் இசக்கிச்செல்வியும் அவள் புருஷனும் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். மத்தியானத்துக்கு நானே எப்படியோ புரட்டிப் போட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் பெயர் ஜஸீமா. கடையநல்லூரிலிருந்து திங்களும் வியாழனும் பஸ்ஸில் வருகிற பெண். கிளினிக் ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில். முட்டிவலிக்காரர்களைப் பதினெட்டுப் படி ஏறி வரச் சொல்கிற கெட்டிக்கார ஊர் எங்கள் ஊர். ஏற முடியாதவர்களுக்காக அவளே இறங்கி வந்து கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் வைத்துப் பார்ப்பாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்தாள். முட்டியால் துண்டைக் கீழே அமுக்கச் சொன்னாள். ஐந்து எண்ணுகிறவரைக்கும் அமுக்கிப் பிடித்துவிட்டு விட வேண்டும். அப்புறம் படுத்துக்கொண்டு குதிகாலைப் படுக்கையோடு இழுத்து முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். அப்புறம் இரண்டு முட்டியையும் மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்க வேண்டும். சமதரையில் பத்து நிமிஷம் மெதுவாக நடக்க வேண்டும்.

"இம்புட்டுதானா?" என்றேன்.

"இம்புட்டுதான்மா. ஒவ்வொண்ணும் காலையில பத்து, சாயங்காலம் பத்து. பத்துக்கு மேல வேண்டாம்."

"பத்து எந்த மூலைக்கு? நான் ஒரு நாளைக்கு எத்தன தார் சுத்துதேன் தெரியுமா?"

"மூட்டு தறி இல்லம்மா. செஞ்சு முடிச்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் வலி கூடியிருந்தா, அன்னைக்கு ஜாஸ்தி செஞ்சிட்டீங்கன்னு அர்த்தம். மறுநாள் குறைச்சுக்கணும். வீட்ல யாராவது எண்ணுவாங்களா? நீங்களே எண்ணினா பஸ்ஸப் பிடிக்க ஓடுத மாதிரி எண்ணுவீங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள் எண்ண? அவரைத்தான் எண்ணச் சொன்னேன்.

அவர் கட்டிலுக்கு எதிரே ஒரு பெரிய பெஞ்சைப் போட்டு அதில் படுத்துக்கொள்வேன். அவர் எண்ணுவார். "ஒ...ண்ணு" என்பதற்குள் எனக்குத் தொடை நடுங்கிவிடும். அவர் நாக்குக்கு ஐந்து என்பது பெரிய மலை. வேகமாக எண்ணச் சொல்லிக் கத்துவேன். அவர் அதே வேகத்தில்தான் எண்ணுவார். கடிகாரத்தைக் கூட நிறுத்திவிடலாம், அவரை அவசரப்படுத்த முடியாது.

நான் பயிற்சி செய்கிற நேரம் பார்த்து அவர் கட்டில் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். "கட்டில ஆட்டாம எண்ணுங்க" என்பேன். சத்தம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிறீச் என்னும். முடித்துவிட்டுப் பார்த்தால் போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடக்கும். கொசு கடித்திருக்கும் என்று நினைத்து உதறிப் போர்த்திவிட்டு வேலைக்குப் போவேன்.

பலன் இல்லாமல் இல்லை. வைகாசி முடிவதற்குள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். ஆனியில் ராத்திரி வலியில் முழித்துக்கொள்வது நின்றது. ஜஸீமாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் இல்லை. ஆனி கடைசியில் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அவரை ஒற்றையில் தூக்கிப் பார்த்தேன். பாதி தூக்கினதும் முட்டி வெடவெடவென்று ஆடியது. மெதுவாக இறக்கிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜஸீமாவிடம் கேட்டேன்.

"இன்னும் மூணு நாலு மாசம் போகட்டும்மா. அப்பவும் ஐயாவத் தூக்குத வேல உங்களுக்கு ஆகாது. வேற வழி பாப்போம். ஒருநாள் வீட்டுக்கு வந்து அவங்களையும் பாக்குதேன்."

"அவரப் பாக்க என்ன இருக்கு? என்னப் பாரு. எனக்கு இருபது நாள்தான் இருக்கு."

பத்துக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். அந்த வாரம்தான் துரைப்பாண்டி போனில் சொன்னான், தபசுக்கு மறுநாள் காலையில் வண்டி சொல்லிவைத்திருப்பதாக. முடியும் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் சொன்னான். அவன் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

கோயிலில் கொடியேறியது.

ஆடிச்சுற்று என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடியேறினதும் கோமதி அம்மனை நினைத்துக்கொண்டு கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நூற்றியொரு சுற்று, ஐந்நூற்றியொரு சுற்று என்று அவரவர் நேர்த்திக்குத் தக்கபடி. சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்மன் தன் காலில் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் சுற்றியிருக்கிறேன். கால் வலித்ததா என்று கூட ஞாபகமில்லை. அப்போது வலி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.

கொடியேறின மறுநாள் தறிக்கூடத்தில் எல்லாரும் சுற்றுக் கணக்கையே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று மாதமாகப் பத்துப் பத்தாகப் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்து, பத்து, பத்து. அலுத்துப்போனவளுக்கு நூற்றியொன்று என்ற எண்ணே மருந்தாகத் தெரிந்தது. நடப்பதும் பயிற்சிதான் என்று ஜஸீமாவே சொல்லியிருக்கிறாள். அதில் சாமியும் சேர்ந்துகொண்டால் என்ன கெட்டுப்போகும்? வலியைக் கொடுத்துவிட்டு வரலாம், வந்து அவரைத் தூக்கிவிடலாம். மனசு கிடந்து தவித்தால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

ஐந்தாம் திருநாள் அன்று லீவு போட்டேன். இசக்கிச்செல்வியிடம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுக் கொஞ்சம் பிந்தி வருவேன் என்று பொய் சொன்னேன். அவருக்கு இட்லி ஊட்டிவிட்டு, கடையில் வாங்கின வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு, நூற்றியொரு புளியமுத்தை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு கிளம்பினேன். ஒரு சுற்றுக்கு ஒரு முத்தைக் கீழே போட வேண்டும். முந்தி காலியானால் நேர்த்தி முடிந்தது.

முதல் இருபது சுற்று முட்டி முனகியது. முப்பதில் முனகல் நின்றது. நாற்பதில் வலி போன இடம் தெரியவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன். வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். என்னைத் தாண்டிப் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தேன். அது மாத்திரையின் வேலை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் பல்லைத் தட்டியிருப்பேன்.

எழுபதில் முட்டி சூடேறியது. எண்பதில் வீங்குவது நடக்கும்போதே தெரிந்தது, சேலைக்குள் கால் பெரிதாகிக்கொண்டே போனது. எண்பத்தைந்தில் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து, "யக்கா, உக்காந்துட்டுப் போங்க" என்றாள். இன்னும் பதினாறுதானே என்றேன். அந்தப் பதினாறையும் சுவரைப் பிடித்துக்கொண்டும் தூணைப் பிடித்துக்கொண்டும் முடித்தேன். கடைசி முத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முகம் தெரியாத இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முட்டியில் பூசிக்கொண்டு படுத்தேன். விடிந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்தது. முட்டி ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. காலைத் தரையில் வைத்ததும் கண் இருட்டியது. இசக்கிச்செல்வியும் அவள் புருஷனும் முந்தின நாள் சாயங்காலமே சொந்தத்தில் ஒரு சாவுக் கேதத்துக்காக ராயகிரி போயிருந்தார்கள், திரும்பி வர பத்து மணி ஆகும். எதிரே அவர் ஈரத்தில் கிடந்தார். நாற்றம் அடித்தது. பெஞ்சிலிருந்து இறங்கிப் பின்னால் கையை ஊன்றி ஊன்றித் தரையில் இழுத்துக்கொண்டே கட்டிலுக்குப் போனேன். அவ்வளவுதான் முடிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வேட்டியை உருவ எட்டினேன், கை அதுவரைக்கும் போகவில்லை. சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். சாமியைத் திட்டினேன். என்னைத் திட்டினேன். மூன்று மாதப் பயிற்சியை நானே காலால் எத்திவிட்டேன் என்று புரிந்தது.

அவர் இடது கை என் தலைமேல் வந்தது.

"நா... போறேன்" என்றார்.

"எங்க போறீங்க?"

காப்பகம் என்கிற வார்த்தை அவர் நாக்குக்கு வராது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன்.

திங்கட்கிழமை ஜஸீமா வீட்டுக்கே வந்தாள். முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?" என்றாள். சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன சுத்து?"

"நூத்தியொண்ணு."

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்க வாப்பாவுக்கும் முட்டி இப்படித்தான்" என்றாள். "சேர்ல உக்காந்து தொழுங்கன்னா, அது தொழுகை மாதிரியே இல்லங்காங்க. உங்க எல்லாருக்கும் கொஞ்சமா செஞ்சா செஞ்ச மாதிரியே இருக்காதா?"

மூட்டுக்குள் நீர் கட்டியிருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும், நடக்கவே கூடாது என்றாள். பயிற்சி என்று பார்த்தால் படுத்துக்கொண்டு பாதத்தை மட்டும் மேலும் கீழும் அசைக்கலாம். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை நாளில் நிற்பேன் என்று கேட்டேன். அவள் தபசு தேதியை அறிந்தவள். ஐஸ் பையைச் சரியாக வைத்தாள்.

தபசன்று, அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்க ஊரே தெற்கு ரத வீதியில் நின்றபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். துரைப்பாண்டி சாயங்காலம் வந்தான். என் காலைப் பார்த்தான். அப்பாவின் துணிகளை எடுத்து ஒரு பையில் மடித்து வைக்க ஆரம்பித்தான். நாலு வேட்டி, இரண்டு துண்டு, நான் நெஞ்சில் கட்டிவிடுகிற சாப்பாட்டுத் துணி. அந்தத் துணியை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி வந்து தெருமுனையில் நின்றது.

"எம்மா, தூக்கப் பக்கத்து வீட்டு அண்ணனக் கூப்பிடுதேன்."

"இருலே. தவணை இன்னும் முடியல. உன் கண்ணு முன்னால தூக்குதேன்னுதான சொன்னேன்."

பெஞ்சிலிருந்து எழுந்தேன். ஒரு எட்டு வைத்தேன். இரண்டாவது எட்டில் கால் மடங்கியது. துரைப்பாண்டி பிடித்துத் திரும்பப் பெஞ்சில் போட்டான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன்.

"போதும்மா" என்றான். "போதும், விட்ரு."

அப்போது கட்டில் கிறீச் என்றது.

இரண்டு பேரும் திரும்பினோம். அவர் இடது முட்டியை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றியிருந்தார். இடுப்பு கொஞ்சம் எழும்பியது, கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தது. துரைப்பாண்டி பிடிக்கப் போனான். அவர் மூக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டார். "தொடாதலே, வேண்டாங்காரு" என்றேன். இடது பாதத்தை, செத்துக்கிடந்த வலது காலுக்கு அடியில் கோர்த்தார். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே தள்ளினார். இடது கை ஜன்னல் கம்பியைத் தேடிப் பிடித்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஒரு தடவை சரிந்தார், கம்பியை விடவில்லை. பிறகு, கோணலாக, மூச்சு வாங்கிக்கொண்டு, என் புருஷன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு வருஷத்தில் யாரும் தொடாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மகனைப் பார்த்து, "போ...லாம்" என்றார்.

காப்பகத்துக்குப் போகவேண்டும் என்பதற்காகவே எழுந்திருக்கிறார். நான் இனிமேல் தூக்கக் கூடாது என்பதற்காக, தானே வண்டியில் ஏறுவதற்காக. அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒரே நேரத்தில் வந்தன.

"எப்பலருந்து?" என்று கேட்டேன்.

அவர் கம்பியை விடாமல், தாடையால் என் பெஞ்சைக் காட்டினார். "நீ... அங்கன... செய்யும்போது." மூச்சு வாங்கினார். "பத்து... பத்து."

துண்டை அமுக்கினது. குதிகாலை இழுத்தது. இடுப்பைத் தூக்கினது. எனக்கு எண்ணிக்கொண்டே அவரும் செய்திருக்கிறார். மூன்று மாதமாகக் கட்டிலை ஆட்டாதீங்க என்று நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கோயிலைச் சுற்றப் போன அன்றைக்கும், முட்டி வீங்கிப் படுத்திருந்த நாட்களிலும் அவர் தன் பத்தை விட்டிருக்க மாட்டார். ஒரு நாளும் பத்துக்கு மேலும் போயிருக்க மாட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அசை...யாதன்ன."

படுத்த புதிதிலேயே அவரை விட்டிருந்தால், விழுந்தாலும் எழுந்திருங்கள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நான்கு வருஷம் அவர் கூரையைப் பார்த்துக் கிடந்திருக்க வேண்டாம். என் முட்டியும் இருந்திருக்கும். ஏழு மணி வேலைக்கு நேரமாகிறது என்று, அவர் அசைவதற்குள் அள்ளி அள்ளித் தூக்கி, நான்தான் அவரை மூட்டையாக்கி வைத்திருந்தேன்.

தெருமுனையில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஏலே, உக்காரத் தெரிஞ்ச ஆள எதுக்குக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போற?"

"எம்மா, உக்காந்தாப் போதுமா? எந்திரிச்சு நிக்கணும்லா. நீயே நிக்க முடியாம கெடக்க."

"ஜஸீமா வந்து அவரப் பாக்கட்டும். அவ சொல்லட்டும். அவ முடியாதுன்னா நான் வாயத் திறக்கல. வண்டிய இன்னைக்குப் போகச் சொல்லு மக்கா."

கடைசி வார்த்தையைக் கெஞ்சித்தான் சொன்னேன். துரைப்பாண்டி என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பையைக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனான். வண்டிக்காரரிடம் என்ன பேசினான் என்று கேட்கவில்லை. நெடுநேரம் பேசினான். அதற்குள் அவர் மெல்லச் சரிந்து படுத்தார். படுத்தவர் மறுபடியும் பாதத்தை ஊன்றினார். காலைக் கோர்த்தார், தள்ளினார், கம்பியைப் பிடித்தார், உட்கார்ந்தார். முதல் தடவையைவிடக் கொஞ்சம் நேராக. முகம் சிவந்துபோய், வேர்வை தாடியில் வழிந்தது. நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அவர் உடனே படுத்து மூன்றாவது தடவைக்குக் கம்பியை எட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதும்" என்று சத்தம் போட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே சத்தம். பாதியிலேயே என் காதுக்கு அது கேட்டுவிட்டது. அவர் கை கம்பியிலிருந்து இறங்கியது. அப்படியே, அசையாமல், என்னைப் பார்த்தபடி கிடந்தார்.

"அசையாதீங்கன்னு சொல்லல" என்றேன். "இன்னைக்கு ரெண்டு போதும்னு சொல்லுதேன். நாளைக்கு மூணு."